குப்பியில் போட்ட துண்டு

சோதனைக்கூட ஜன்னலோரம் நின்ற கணவன் அழுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். மழையில் ஊறி உளுத்துப்போன ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றான்.

"வாங்க, கூப்பிடுறாங்க. அழுதா விட்டுடவா போறாங்க?"

திரும்பினான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நகக்கண்ணில்தான் மரத்தூள் அப்பியிருந்தது.

உள்ளே மேஜையில், அவர்கள் கொட்டகையில் பறித்த காளான் ஒரு தட்டு நிறைய இருந்தது. பக்கத்தில் காளான் வித்து விற்கும் கம்பெனிக்காரர் புது மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க காளான் வித்துல அடையாளத்துக்கு ஒரு ஜீன் வெச்சிருக்கோம்மா. அது இருந்தா மட்டும்தான் இந்தக் குப்பி மருந்து நீலமாகும். போன வாரமே உங்க காளான் நீலமாச்சு. திருட்டு வித்து!"

"இன்னொரு தடவை பார்த்துடலாம்," என்றார் பரிசோதகர் அம்மா. "இப்பவும் நீலம்னா கொட்டகைக்கு இன்னைக்கே சீல். நீங்களே உங்க கையால போடுங்க."

அவன் தட்டுக்குள் கையை விட்டான். ஒரு வெள்ளைத் துண்டைக் குப்பியில் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். இருக்கிற ஒரே பிழைப்பு அந்தக் கொட்டகைதான். கேட்கக் கூடாததை அவள் கேட்டே விட்டாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லுங்க. எடுத்தீங்களா?"

"கட்டினவ நீயே கேக்குறியா?" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். குப்பி பளிச்சென்று நீலமாக இருந்தது.

"ஐயா, புள்ளகுட்டிக்காரங்கய்யா! கொட்டகையை மூடினா நாங்க எங்க போவோம்?" அவள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. கம்பெனிக்காரர் அவள் பக்கம் திரும்பாமல் அவனைக் கேட்டார்.

"இப்பவாவது செஞ்ச தப்பை ஒத்துக்கறியாய்யா?"

"ஒத்துக்கறேங்க."

அவள் தலையில் இடி விழுந்தது. பாவி மனுஷன், காலையிலிருந்து கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது இதற்குத்தானா? அவனோ குப்பியையே வெறித்துப் பார்த்தான். அழுவதா சிரிப்பதா என்று அவன் முகத்துக்கே தெரியவில்லை.

"பயத்துல துண்டை மாத்திட்டேங்க. உள்ள கிடக்கிறது உங்க ஜன்னல் கட்டையில முளைச்ச காளான்!"