நிற்காத புள்ளி

டவுன் பஸ் ஒன்று எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல், ஒரே வேகத்தில் ஓடி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பாண்டிசெல்வி பார்த்ததில்லை. அதனால்தான் கையிலிருந்த போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மகள் செல்லக்கனி பிளஸ் ஒன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டியூஷன் முடித்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறும்போதே, வாட்ஸ்அப்பில் லொகேஷனைப் போட்டு அம்மாவுக்கு அனுப்பிவிடுவாள். அவள் வரும் வழியெல்லாம் ஒரு புள்ளியும் கூடவே மேப்பில் ஊர்ந்து வரும்.

அந்தப் புள்ளி முதலில் நின்று நின்றுதான் வந்தது. பாதி வழியில் ஒரு வயக்காட்டு ஸ்டாப்பில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. சீராக நகர்ந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, என்ன பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டு முனீஸ்வரி.

"யக்கா, எம் மக பஸ்ஸுல வரலக்கா."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்துத்தான் பிசிக்ஸ் பாடத்தை எங்கிட்ட ஒப்பிச்சா. சமமான நேரத்துல சமமான தூரம் போனா அது சீரான இயக்கமாம். 'நம்ம டவுன் பஸ்ஸு அப்படிப் போவாதும்மா, நிக்கும், ஓடும், வேகம் கூடும், கொறையும்'னு அவதான் சொன்னா. 'ஒங்கப்பா மில்லுக்குக் கெளம்புற மாதிரின்னு சொல்லு'ன்னு நான்கூடச் சிரிச்சேன். இப்பப் பாருங்க, மூணு ஸ்டாப்பு தாண்டியாச்சு. நிக்கவே இல்ல."

முனீஸ்வரி வாயில் கை வைத்தாள். "அப்போ பாதி வழியில எறங்கி, எவன் பைக்குலயோ ஏறிட்டாங்கிறியா?"

அதை வாய்விட்டுச் சொல்லத்தான் பாண்டிசெல்வி பயந்துகொண்டிருந்தாள்.

போன் போட்டாள். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

"பொட்டப் புள்ளைக்கு வெளியூரு டியூஷன் எதுக்குன்னு இவ அப்பா தலைபாடா அடிச்சுக்கிட்டாவ. நான்தான் சண்டை போட்டு அனுப்புனேன். இது அவிய காதுக்குப் போச்சுன்னா நாளையில இருந்து படிப்பே கெடையாதுக்கா."

"படிப்பு என்ன படிப்பு? வரட்டும், காலை ஒடிச்சு வீட்டுல போடு."

புள்ளி அவர்கள் தெரு ஸ்டாப்புக்கு வந்தது. அங்கேயும் நிற்கவில்லை.

"நம்ம ஸ்டாப்பையும் தாண்டி எங்கக்கா கூட்டிட்டுப் போறான்?"

போறான் என்றே சொல்லிவிட்டாள். ஒருவன் இருக்கிறான் என்று முடிவே ஆகிவிட்டது.

கடைசியில் புள்ளி நின்றது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

அரசு ஆஸ்பத்திரி.

அம்புட்டுக் கோபமும் எங்கே போனதென்றே தெரியவில்லை. "எவன்கூட வேணும்னாலும் வந்திருக்கட்டும். எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது, ஆத்தா" என்று புலம்பிக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். முனீஸ்வரியும் தொற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் செல்லக்கனி முழுசாக நின்றுகொண்டிருந்தாள். கை காலில் ஒரு சிராய்ப்பு இல்லை. இடுப்பில் மட்டும் யார் வீட்டுப் பிள்ளையோ வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

மகளுக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும், போன கோபம் வட்டி போட்டுத் திரும்பி வந்தது.

"எவன்ட்டி அவன்? எவன் வண்டியில வந்த?" பாண்டிசெல்வி கையை ஓங்கிவிட்டாள்.

"அந்தா நிக்குதுல்ல, அந்த வண்டியிலதாம்மா."

மரத்தடியில் டவுன் பஸ் நின்றது. ஆட்கள் இறங்காமல், ஜன்னலுக்கு ஒரு தலையாக ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காட்டுல களை எடுத்துக்கிட்டிருந்த அக்காவைப் பாம்பு கடிச்சிருச்சும்மா. கைப்புள்ளையோட தட்டுத் தடுமாறி வந்து பஸ்ஸுல ஏறுனாங்க. கடிச்ச காலை அசைக்க விடக் கூடாதுன்னு நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே வந்தேன். போனை எங்க எடுக்க? டிரைவரண்ணன் எங்கயும் நிறுத்தல, ஒரு குலுக்கு குலுக்கல. இந்தச் சனம் அம்புட்டும் எறங்க வேண்டிய எடத்தைத் தாண்டி வந்திருக்கு. ஒருத்தர்கூட நிறுத்துன்னு சொல்லலம்மா."

"இப்ப எப்படித்தா இருக்கா?" முனீஸ்வரிதான் கேட்டாள்.

"ஊசி ஏத்துறாங்க. நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னாரு."

ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. அந்தக் கைக்கே பிள்ளையை நீட்டினாள் செல்லக்கனி.

"திட்டுறதைப் பொறவு திட்டும்மா. அவங்க வீட்டு ஆளுக வர்ற வரைக்கும், செத்த நேரம் இவளை வாங்கிக்க. ஒந் தோளுலன்னா தூங்கிருவா."