வலது முழங்கால்

டார்சி கைத்தடியை ஊன்றிக்கொண்டு கோலீனின் ஆபீஸ் அறைக்குள் வந்தான். வாசலுக்கும் சோபாவுக்கும் பத்தடிகூட இராது. அதற்குள் இரண்டு தடவை நின்று பல்லைக் கடித்தான்.

"மெதுவாப்பா, மெதுவா. யாரும் துரத்தல," என்றாள் கோலீன்.

கனடாவில் சாஸ்கட்டூன் நகரத்து ஐஸ் ஹாக்கி அணியில் யார் இருப்பது, யார் போவது என்று தீர்மானிக்கிறவள் அவள். டார்சி அந்த அணியின் மூத்த தடுப்பாட்டக்காரன். வலது முழங்கால் நொறுங்கி, இரண்டு சீசனாக வீட்டோடு கிடக்கிறான். நாளைக்குப் புது சீசனின் முதல் ஆட்டம். கால் தேறிவிட்டதா இல்லையா என்று டாக்டர் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

டார்சியின் பார்வை டாக்டர் வரும் வழியில் இல்லை. சுவரில் மாட்டியிருந்த பலகையில் இருந்தது. அடுத்த மூன்று வருடத்து அணியும் அதில் காந்த வில்லைகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. வில்லைக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே சம்பளம்.

"மாரெக் எங்க இருக்கான்?"

"அதோ, மூணு வருஷத்துலயும் இருக்கான் பாரு. உன் வீட்டுப் பிள்ளைய விட்டுடுவேனா?"

மாரெக் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த பையன். புதிதாக வருகிறவனை மூத்த ஆட்டக்காரர் ஒருவர் தன் வீட்டில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். போன வருடத்திலிருந்து அவனுக்கு டார்சி வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் ஜாகை.

"நேத்து என் பொண்டாட்டி பண்ணின பெரோகிக் கொழுக்கட்டை அத்தனையும் ஒருத்தனே காலி பண்ணிட்டான். அவன் சம்பளத்துல பாதிய எங்க வீட்டு மளிகைக்கே எழுதிடுங்க."

கோலீன் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"சரி, நான் திரும்ப ஆட வந்துட்டா?" என்றான் டார்சி, பலகையைப் பார்த்தபடியே.

அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று அந்த லீக்கில் உச்சவரம்பு உண்டு. அடிபட்டு ஆட முடியாமல் கிடக்கிறவன் சம்பளம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. டார்சி கிடந்ததால்தான் மாரெக்குக்கு இடம் இருந்தது.

கோலீன் பலகையிடம் போனாள். ஓரத்தில் தனியாக ஒட்டியிருந்த டார்சியின் வில்லையை நடுவே நகர்த்தினாள். மாரெக்கின் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அவனுக்குப் பதிலா வேற யாரையாவது கழட்ட முடியாதா?"

"எல்லாரையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். அவனுக்குப் புது ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகல. நீ வந்தா போட முடியாது. வேற அணி எதுவும் அவன் பேரைக்கூடக் கேட்டதில்ல. ஊருக்கு ஃப்ளைட் ஏற வேண்டியதுதான்."

டார்சி தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். "பதினோரு வருஷம் ஆடியிருக்கேன் கோலீன். ஒரு தடவைகூடக் கோப்பையக் கையில தூக்கினதில்ல. இந்த வருஷம் நமக்குத்தான்னு ஊரே சொல்லுது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. உரிமை உன்னோடது. டாக்டர் சரின்னுட்டா உன்னை யாரும் தடுக்க முடியாது. தனக்கு மிஞ்சித்தான் தானம்ப்பா. வந்து ஆடு."

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்தக் கால் தேறியிருக்கக் கூடாது என்றே அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்படி வேண்டிக்கொள்கிறோமே என்று வெட்கமாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. மனுஷர்களை வில்லையாக நகர்த்தி நகர்த்தி அவளுக்கு எல்லாமே மரத்துப் போயிருந்தது.

டாக்டர் ஃப்ரீசன் வந்தார். டார்சியைச் சோபாவில் படுக்கச் சொல்லிவிட்டு, அவனுக்கு இடப்பக்கமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருபது வருஷமா உங்க ஆளுங்க எங்கிட்ட சொல்ற ஒரே பொய், 'வலிக்கல டாக்டர்'. எலும்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அப்பவும் வலிக்கலம்பானுங்க. நீயாவது உண்மையச் சொல்லு."

"சொல்றேன் டாக்டர்." டார்சி கண்களை இறுக மூடிக்கொண்டான்.

கோலீன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மாரெக் டார்சியின் காருக்குள் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தான்.

டாக்டர் விரலை வைத்தாரோ இல்லையோ, "ஐயோ!" என்ற அலறல் அறையைத் தூக்கியது. அவள் திரும்பியபோது டாக்டர் டார்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா. போதும், எழுந்திரு," என்றார். ஆடத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டார்சி தடியை எடுத்துக்கொண்டான். கதவருகே நின்று, "அந்தப் பையனை அவன் இடத்துல வெச்சுடுங்க," என்றான். அப்புறம் தாங்கித் தாங்கி நடந்து போய்விட்டான்.

கோலீன் மாரெக்கை நடுவே ஒட்டினாள். டார்சியைப் பழைய ஓரத்துக்கே நகர்த்தினாள். மூன்று வருடத் திட்டமும் சரியாக உட்கார்ந்துவிட்டது.

"பாவம் டாக்டர். அந்த முழங்கால் இன்னும் ஆறவே இல்லையே?"

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"வலது காலை நான் தொடவே இல்லம்மா."