கொடித்தலை

காட்டில் கிழங்கு தோண்டினால், கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியை மட்டும் அறுத்துக் குழிக்குள் திரும்ப வைத்து, மண்ணை மூடிவிட்டுத்தான் எழ வேண்டும். அடுத்த மழைக்கு அது மறுபடி துளிர்க்கும். ரங்கி ஒரு நாளும் குழியைத் திறந்து போட்டு வந்ததில்லை. காட்டிலாகாக்காரர்கள் அவள் ஊரையே காட்டிலிருந்து கிளப்பி ரோட்டோரக் காலனியில் குடிவைத்த பிறகு, யானை வராமலிருக்க என்று சொல்லிக் காட்டுக்கும் காலனிக்கும் நடுவே ஆழமாக அகழி வெட்டியிருந்தார்கள். விடிந்தும் விடியாமலும் ரங்கி அதன் கரையில் குந்திக் கையால் மண்ணை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

காக்கிச் சட்டையில் ஓடி வந்தான் பொன்னன். அவள் கொழுந்தன்தான், இப்போது காட்டிலாகாவில் காவலாள்.

"என்ன அண்ணி பண்ற? ஆபீசர் பாத்தா என் வேலை போயிரும்."

"தோண்டினா மூட வேண்டாமா? தலையை எங்கடா வச்சிருக்கீங்க?"

"இது கிழங்குக் குழியில்ல அண்ணி. இங்கேருந்து யாரும் எதையும் எடுக்கல."

ரங்கி திரும்பி, காலனியில் வரிசையாக நின்ற தகரக் கூரைகளைப் பார்த்தாள்.

"எடுக்கலையா?"

பிறகு மெதுவாகச் சரிந்து அகழிக்குள் இறங்கினாள். ஈர மண்ணில் காலை மடக்கி உட்கார்ந்து, அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"மூடு, பொன்னா."