இடது காதுக்கான பாட்டு

பிறந்தநாளுக்கு ரைசா வாங்கித் தந்த இயர்பட்ஸில் ஒன்றைக் காலையிலிருந்து காணோம். வெறும் இடது காதைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு, யாசின் கம்பெனியில், லண்டனுக்குப் போகும் குழந்தைச் சட்டைகளுக்கு அயர்ன் போடுகிறான். வலது காதில் பாட்டு ஓடுகிறது. எதிரே, அயர்னான சட்டைகளில் உடைந்த ஊசி ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் மெஷினில் அவன் மனைவி ரைசா நிற்கிறாள். நீராவி விலகும்போதெல்லாம் அவள் முகம் தெரிகிறது, இவன் குனிந்துகொள்கிறான். மெஷின் கத்துகிறது, சட்டைகளை நகர்த்தும் பெல்ட் நிற்கிறது. ரைசா ஒரு குட்டிச் சட்டையை எடுத்து அதன் பையை விரலால் துழாவுகிறாள். வெளியே வருவது ஊசியில்லை. “ஏனுங்க,” என்கிறாள், “உங்க காது ஒண்ணு லண்டன் போகப் பாக்குதுங்க.” பக்கத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். “தேடிட்டுத்தான் இருந்தேன் ரைசா.” “தொப்பிக்குள்ளயாங்க?” யாசின் கையை நீட்டுகிறான். அவள் அதைத் துப்பட்டாவில் துடைத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, சட்டையை மறுபடி பெல்ட்டில் விடுகிறாள். இம்முறை அது சத்தமில்லாமல் கடந்து போகிறது. நீராவிக்கு அப்பால் அவள் தலை மெல்ல அசைகிறது, இவன் காதில் ஓடும் அதே தாளத்துக்கு.