விரலில் ஏறிய சிராய்

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் செல்போனைத்தான் பார்க்கிறார்கள். மருமகள் ஆர்த்திகாவும் அப்படித்தான் என்று பூதலிங்கத்துக்கு எரிச்சல். மத்தியான வெயில் பச்சைத் திரைவழியே வடிந்து, மழைக்காலத்துக்கு முன்னால் மூடிய கண்ணை இன்னும் திறக்காத அவர் மனைவி அழகியநாயகியின் முகத்தில் பாசிக்குளத்து நிறமாகக் கிடக்கிறது. தலையணையோரம் அவர் தோவாளையிலிருந்து வாங்கிவந்த பிச்சிப்பூ வாடுகிறது. ஆர்த்திகாவின் போனில் ஓடும் வீடியோவில் ஒருத்தி, நூறு வருஷம் தூங்கிய இளவரசி கதையின் மூலத்தைச் சொல்கிறாள். பழைய கதையில் முத்தமே கிடையாதாம். விரலில் ஏறிய நார்ச்சிராயை உருவியதும் விழித்துக்கொண்டாளாம். அந்தத் தூக்கத்துக்கு அர்த்தம், பூமி உறங்கிக்கிடக்கும் பனிக்காலமாம். “நம்ம ஊர்ல ஏது மக்கா பனிக்காலம்? புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா?” என்கிறார். “கதைதானே மாமா” என்று சிரித்துவிட்டு அவள் டீ வாங்கப் போகிறாள். தேங்காய் துருவித் துருவித் தழும்பேறிய மனைவியின் விரலை ஒரு கிளிப் கவ்வியிருக்கிறது. அதையே வெகுநேரம் பார்த்திருந்தவர், மெல்ல உருவுகிறார். “ஏட்டி, எந்திரி.” மெஷின் கத்துகிறது. நர்ஸ் ஓடிவருகிறாள். “எதுக்குப் பாட்டா கழத்துனிய? இது பல்ஸ் பாக்கதுல்லா!” என்று திரும்ப மாட்டுகிறாள். அழகியநாயகியின் இமை அசையவே இல்லை. “புளுகுன்னு அப்பமே சொன்னேன்” என்று வராந்தாவில் இறங்கி நடக்கிறார் பூதலிங்கம். நடக்க நடக்க முனகுகிறார்: “எந்த விரலுன்னு போன்ல கத சொன்னவ சொல்லவே இல்லியே.”