சாய்கோடு ஒய்

“மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்னு நினைச்சுடாதீங்க,” என்றார் பெரியவர். நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, மகனின் வேலைநீக்கக் கடிதத்தை மேசையில் விரித்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். “இந்த ஒண்ணை அடிச்சுட்டுக் குடுங்க. போயிடறேன்.”

அந்தச் சொல் ‘கவனக்குறைவு’.

பாலங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் அது. பதினோரு நாளைக்கு முன், அங்கிருந்த கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு வரைபடங்களை மகன் அழித்துவிட்டான். நகல் இருந்தது, ஆனால் ஆறு மாதம் பழையது. அதற்குப் பின் அத்தனை பேரும் கண்விழித்து வரைந்ததெல்லாம் ஒரே மதியத்தில் இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறான். படுக்கச் சொன்னால் படுக்கிறான். இன்று பெரியவர் செருப்பை மாட்டியபோதுதான் வாய் திறந்தான். “போகாதீங்கப்பா. அந்தச் சொல்லே இருந்துட்டுப் போகட்டும்.”

பெரியவருக்கும் உள்ளே மரத்துத்தான் கிடந்தது. உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து போனார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதுகூட மனதில் நிற்கவில்லை. முதுகு மட்டும் வளைய மறுத்தது.

“ரயில்வே சிக்னல் கேபின்ல முப்பத்தாறு வருஷம் இருந்தவன் நான். லீவரோட நம்பரை வாய்விட்டுப் படிக்காம ஒரு நாளும் அதை இழுத்ததில்லை. பையனையும் அப்படித்தான் வளத்தேன். வீட்டைப் பூட்டினா ரெண்டு தடவை பூட்டை இழுத்துப் பாப்பான். எங்க வம்சத்துல திருடன் இல்லை, பொய்யன் இல்லை, கவனமில்லாதவனும் இல்லை.”

“எனக்கும் அவர் பிள்ளை மாதிரிதான் ஐயா,” என்றார் தலைமைப் பொறியாளர். “அதனாலதான் கேசு கீசுன்னு போகலை. கைதவறி ஓர் எழுத்தைக் கூடப் போட்டுட்டார். அவரே வந்து சொன்னார்.”

“என்ன எழுத்து அது?”

பொறியாளர் ஓரத்துக் கணினியில் இருந்த ஆபரேட்டர் பெண்ணைப் பார்த்தார். அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“கோப்புகளையெல்லாம் கவனிச்சுக்க ஒரு புரோகிராம் இருக்குங்க ஐயா. எதுவானாலும் டைப் அடிச்சுத்தான் சொல்லணும். அழின்னு சொன்னா உடனே அழிச்சுடாது. ஒவ்வொரு கோப்பா பேர் சொல்லி, ‘இதை அழிக்கட்டுமா?’ன்னு கேக்கும். ஆமான்னு அழுத்தினாத்தான் அழிக்கும். எங்க மாமியார் தோத்தாங்க, போங்க!”

“சரி.”

“கட்டளை கடைசியில ஒரு சாய்கோடு போட்டு ஒய்ங்கிற இங்கிலீஷ் எழுத்தைச் சேத்துட்டா, அந்தக் கேள்வியே வராது. மொத்தத்தையும் துடைச்சுட்டுத்தான் நிக்கும். அவசரத்துல பழக்கதோஷமா அதைச் சேத்துட்டேன்னு சொன்னார்.”

பெரியவர் தலையை அசைத்தார். “சேத்திருக்க மாட்டான். கேள்வி கேக்காம நடக்கிற எந்தக் காரியத்திலயும் அவன் கை வைக்க மாட்டான். கோளாறு உங்க மெஷின்ல. சண்டை வேணாம்னு பழியைத் தலையில போட்டுக்கிட்டு வந்திருக்கான்.”

ஆபரேட்டர் பெண் தயங்கினாள். “பாத்துடலாம் சார். அந்தப் புரோகிராமைத் திறக்கும்போதே சாய்கோடு எல் போட்டுத்தானே திறக்கிறோம்? யார் என்ன அடிச்சாலும் நேரத்தோட ஒரு கோப்புல எழுதி வெச்சிருக்கும். அன்னிக்கு உள்ளதை நாம யாருமே பாக்கலை.”

“வேணாம்மா,” என்றார் பொறியாளர். “அவர்தான் ஒத்துக்கிட்டாரே. செத்த பாம்பை எதுக்கு அடிச்சுக்கிட்டு?”

“மடியில கனமிருக்கிறவனுக்குத்தான் வழியில பயம்,” என்றார் பெரியவர். “நீ திறம்மா.”

கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மேலேறின. பெரியவர் எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“இதோ, அந்த மதியம். நாங்க எல்லாரும் பாலத்தடிக்குப் போயிருந்தோம். அவர் மட்டும்தான் இங்க. ரெண்டு பத்துக்கு ஆரம்பிச்சிருக்கு...” அவள் குரல் நின்றது.

“படிம்மா. வாய்விட்டுப் படி.”

“அழி. வரைபடம் எல்லாம். அவ்வளவுதான் ஐயா இருக்கு.”

“சாய்கோடு?”

“இல்லீங்க.”

“ஒய்?”

“அதுவும் இல்லீங்க.”

பதினோரு நாளில் முதல்முறையாகப் பெரியவருக்கு மூச்சு முழுதாக உள்ளே போயிற்று. பொறியாளர் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? என் வளர்ப்பு சோடை போகலை. எடுங்க பேனாவை.”

பொறியாளர் பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆபரேட்டர் பெண் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, மெல்லச் சொன்னாள்:

“முடிஞ்சது ரெண்டு அம்பத்தொண்ணுக்கு. நானூத்திப் பன்னிரண்டு தடவையும் அது கேட்டிருக்குங்க ஐயா... ஒவ்வொரு தடவையும் அவர் ஆமான்னு அழுத்தியிருக்காரு.”