பழைய செட்டே போதும்

"வீட்டில எல்லாரும் சவுண்டைக் குறை, குறை எண்டு கரைச்சல் குடுக்கிறாங்க, மகன். அதுதான் பெரிசா ஒண்டு வாங்குவம் எண்டு வந்தனான்."

றேமண்ட் அங்கிளிடம் ஒளிவுமறைவே இல்லை. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வெள்ளவத்தை ஸ்பீக்கர் கடையின் நட்டநடுவில் இடுப்புயரத்துக்கு நின்ற சப்வூஃபரின் தலையைப் பாசத்தோடு தடவிக் கொடுத்தார்.

விற்பனைக்கு நின்ற கிளைவ் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். இன்று மாலைக்குள் ஒரு பெரிய செட்டாவது விற்காவிட்டால் நாளை வரத் தேவையில்லை என்று மனேஜர் டெனிஷா மிஸ் காலையில்தான் சொல்லியிருந்தார்.

கிளைவ் குதிக்கவில்லை. வீட்டில் இப்போது என்ன செட் இருக்கிறது என்று விசாரித்தான். எண்பத்தெட்டில் வாங்கிய ஜப்பான் அம்ப்ளிஃபயர், மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. ஒன்றின் ஓரம் கிழிந்துவிட்டது, ஃபேன் போட்டால் இரைகிறது என்றார் அங்கிள்.

"அதை விட்டுட்டு இதை வாங்காதீங்க, அங்கிள்."

கல்குலேட்டரில் ஓடிக்கொண்டிருந்த டெனிஷா மிஸ்ஸின் விரல் நின்றது. கிளைவ் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டு இன்னும் உரக்கப் பேசினான். கிழிந்த ஓரத்தை மருதானை ரிப்பேர் கடைகளில் அரை நாளில் ஒட்டித் தருவார்கள். இரைச்சலுக்கு ஒரு எர்த் வயர் போதும். இந்தப் புதுசோ கடற்காற்றுக்கு இரண்டு வருடம் தாங்காது, துருப்பிடித்துவிடும்.

டெனிஷா மிஸ் ஓடிவந்து விலையில் பத்து வீதம் குறைத்தார். துருவும் பத்து வீதம் குறையுமா என்று கிளைவ் பணிவாகக் கேட்டான்.

அங்கிள் குழம்பிப்போனார். "நீ விக்க நிக்கிறியோ, மறிக்க நிக்கிறியோ?"

"உண்மையைச் சொல்ல நிக்கிறன், அங்கிள். அப்படியொரு அம்ப் இனி வராது. கவனமாப் பாவிச்சா இன்னும் இருபது வருசம் ஓடும்."

கவனம் என்றால் என்ன என்பதையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தான். சத்தத்தைக் கால்வாசிக்கு மேல் கூட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கொயில் எரிந்துவிடும். ஸ்பீக்கர் பெட்டிகள் வெறும் தரையில் நிற்கக் கூடாது, கீழே தடித்த மெத்தை போட வேண்டும். இரவு ஒன்பதுக்குப் பிறகு வோல்டேஜ் ஏறும். பழைய அம்புக்கு அது ஆகவே ஆகாது.

மனைவி சொல்லி ஒன்றையும் கேட்டறியாத மனிதர், இவ்வளவையும் கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். போகும்போது கிளைவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"இந்தக் காலத்தில இப்படியும் ஒரு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உன்ர பேரைக் குடுக்கிறன்."

கண் கலங்கியபடி, வெறுங்கையோடு காலி வீதியில் இறங்கி நடந்தார்.

டெனிஷா மிஸ்ஸுக்குக் கோபத்தையும் மீறி வியப்புத்தான் வந்தது. "வேலை போகும் எண்டு தெரிஞ்சே செய்தனீங்க. அவ்வளவு நேர்மையா, கிளைவ்?"

கிளைவ் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தானே கழற்றி அவர் முன்னால் வைத்தான்.

"வேலை இன்னொண்டு தேடலாம், மிஸ். வெள்ளவத்தையில இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது. அவருக்கு என்னைத் தெரியாது. நான் அவருக்கு நேர் கீழ்வீடு."